புளூபெர்ரி ஜெல்லி: முதல் தடவை கல்லு, ரெண்டாம் தடவை தண்ணி. உதவி வேணும் (கொடைக்கானல்)

கொடைப்பனி:
எல்லாருக்கும் வணக்கம். நாயுடுபுரத்துல இருக்கேன். மூணு வருஷமா தொட்டியில வளர்த்த நாலு புளூபெர்ரிச் செடி இப்பத்தான் நல்லாக் காய்ச்சிருக்கு, ரெண்டு கிலோ தேறும். அப்பாவுக்கு இப்போ பல் இல்லை. தோலும் விதையும் வாயில தட்டக் கூடாதுங்கறதால ஜாம் போடாம ஜெல்லி போட்டேன்.

முதல் தடவை வடிகட்டின சாறும் சர்க்கரையும் சம அளவு, ஒரு எலுமிச்சம்பழம். குறிப்புல இருந்தபடி தெர்மாமீட்டர் 105 டிகிரி காட்டற வரைக்கும் கொதிக்க விட்டேன். அது ஏறவே மாட்டேன்னுது. ஊதா நிறம் போய் பழுப்பாயிடுச்சு. ஆறினதும் பாட்டில்ல கரண்டி இறங்கலை.

ரெண்டாம் தடவை பயந்து 95-லயே இறக்கிட்டேன், தித்திப்பு வேண்டாம்னு சர்க்கரையையும் பாதியாக்கினேன். மூணு நாளாச்சு, நன்னாரி சர்பத் மாதிரி ஓடுது. மிச்சம் 600 கிராம் பழம்தான் இருக்கு. அதையும் வீணாக்க மனசு வரலை.

மதுரைச் சமையல்:
105 சரியான அளவுதாங்க, எனக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. உங்க தெர்மாமீட்டர்ல கோளாறு இருக்கும். வெறும் தண்ணியைக் கொதிக்க வெச்சு உள்ள விட்டுப் பாருங்க, 100 காட்டணும்.

கொடைப்பனி:
இப்பத்தான் பார்த்தேன். தளதளன்னு கொதிக்கும்போதும் 93-க்கு மேல போகலை. அப்போ புதுசு வாங்கணுமா?

கோத்தகிரித் தேன்:
வாங்காதேம்மா, உன் தெர்மாமீட்டர் சரியாத்தான் சொல்லுது. கொடைக்கானல் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொதிநிலை குறையும். அங்கே தண்ணி 93-லயே கொதிக்கும், எங்க கோத்தகிரியில 94.

ஜெல்லிக்கு 105ங்கற கணக்கு சமவெளிக்காரங்களுது. உண்மையான கணக்கு, தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல நாலரை டிகிரி. அந்த இடத்துலதான் சர்க்கரை நூத்துக்கு 65 பங்குக்கு வரும். உனக்கு அது 97.5. நீ 105 வரைக்கும் விட்டது, மதுரையில 112 வரைக்கும் காய்ச்சின மாதிரி. அது அதிரசத்துக்கு எடுக்கிற உருட்டுப் பதம், கல்லாகாம என்ன செய்யும்?

ரெண்டாவது ஓடினதுக்குக் காரணம் வேற. சர்க்கரை வெறும் தித்திப்புக்கு இல்லை. ஜெல்லியை உறைய வைக்கிறது பழத்துல இருக்கிற பெக்டின்ங்கற பசை. அது ஒண்ணோட ஒண்ணு பிடிக்கணும்னா சர்க்கரையும் வேணும், புளிப்பும் வேணும். புளூபெர்ரியில பெக்டின் அவ்வளவா கிடையாது, நல்லாப் பழுத்துட்டா இன்னும் குறையும். எங்க பக்கம் சோலை ஓரத்துத் தவிட்டுப் பழத்துல ஜெல்லி போடறப்ப, அம்மா எப்பவும் கொஞ்சம் செங்காயையும் சேர்த்துத்தான் வேக வைப்பாங்க. காயிலதான் பெக்டின் அதிகம். உன் செடியில சிவப்பேறின காய் இருந்தா நாலு பறிச்சுப் போடு. இல்லைன்னா புளிப்பு பிளம்ஸ் காயோ, பச்சை ஆப்பிளோ தோலோட வேகவெச்சு அரை கப் சாறு எடு.

600 கிராமுக்கு அரை கப் தண்ணி போதும். மசிச்சு பத்து நிமிஷம் வேகவெச்சு, நனைச்சுப் பிழிஞ்ச மல் துணியில கட்டி ராத்திரி தொங்க விடு. மூட்டையைப் பிழியாதே, கலங்கிடும். ஒன்றரை கப் சாறு வந்தா பிளம்ஸ் சாறு அரை கப், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை கப். அகலமான பாத்திரத்துல பெருந்தீயில வை. நின்னு நிதானமா காய்ச்சினா பெக்டின் உடைஞ்சு போயிடும்.

தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதே. ஃப்ரிட்ஜ்ல வெச்ச தட்டுல ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு விரலால தள்ளு. மேல சுருக்கம் விழுந்தா இறக்கிடு. தட்டு பார்க்கிற நேரத்துக்கு அடுப்பை அணைச்சுடு, இல்லைன்னா அதுக்குள்ளயே பதம் தாண்டிடும்.

மதுரைச் சமையல்:
அக்கா, இது எனக்குப் புதுசு. தப்பா வழி காட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க கொடைப்பனி.

குன்னூர் வாசி:
பாட்டில் விஷயத்துலயும் உயரம் கணக்கு. மாசக்கணக்கா வெளியில வைக்கப் போறீங்கன்னா, நிரப்பி மூடின பாட்டிலைக் கொதிக்கிற தண்ணியில முக்கி வைக்கணும். சமவெளியில 5 நிமிஷம் போதும். உங்க ஊர் மாதிரி 6,000 அடிக்கு மேலன்னா 15 நிமிஷம். மேல கால் அங்குலம் இடம் விடுங்க. ஃப்ரிட்ஜ்லன்னா இது தேவையில்லை.

கொடைப்பனி:
நேத்து போட்டேன். பக்கத்து வீட்டு மரத்துல பிளம்ஸ் காய் கேட்டு வாங்கினேன். 97-லயே தட்டுல சுருக்கம் விழுந்துடுச்சு, இறக்கிட்டேன். ஒரு பாட்டிலும் ஒரு சின்னக் கிண்ணமும். வெளிச்சத்துல பிடிச்சா ஊதா அப்படியே நிக்குது. அப்பா வர்க்கியைப் பால்ல நனைச்சு, அது மேல தடவிச் சாப்பிட்டார். ரொம்ப நன்றிக்கா.

அந்த ஓடற பாட்டிலையும் சரி பண்ணலாமா?

கோத்தகிரித் தேன்:
பண்ணலாம். குறைச்ச சர்க்கரையைப் போட்டு, பிளம்ஸ் சாறும் எலுமிச்சையும் சேர்த்து மறுபடி 97 வரைக்கும் ஏத்து. கல்லான பாட்டிலை மட்டும் திரும்பக் காய்ச்சாதே, கருகின வாடை போகாது. வெந்நீர்ல கரைச்சு எலுமிச்சை பிழிஞ்சு குடிச்சுடுங்க.