புதுப்பிப்பு: அப்பாவின் மடிக்கணினிக்கு இலவச ஆன்டிவைரஸே போதுமானதாக இருந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பட்டர்வொர்த் வீட்டில் அப்பாவின் விண்டோஸ் 11 மடிக்கணினியோடு வந்த ஆன்டிவைரஸின் சோதனைக் காலம் முடிந்துவிட்டது, காசு கட்டிப் புதுப்பிப்பதா, இலவசமே போதுமா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"புதிதாக எதையும் போடாதீர்கள், முதலில் பழையதை நீக்குங்கள்" என்று ஈப்போ அண்ணன் சொன்னதுதான் பலித்தது. காலாவதியான அந்த மென்பொருள் உள்ளே இருந்தவரை, விண்டோஸோடு இலவசமாகவே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் ஒதுங்கியே கிடந்தது. நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கியதும் தானாகவே வேலையைத் தொடங்கியது. கேடயக் குறியில் பச்சை டிக் வந்தது. முழு ஸ்கேன் இரண்டரை மணி நேரம் ஓடியது. வைரஸ் ஒன்றும் இல்லை.

ஆனால் திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்ற எச்சரிக்கை மட்டும் நிற்கவில்லை. அப்பா பயந்துபோய் பணம் கட்ட வங்கி அட்டையையே எடுத்து வைத்துவிட்டார். ஜெலுத்தோங் அக்கா சொன்னபடி குரோம் அமைப்புகளில் தள அனுமதிகள், அப்புறம் அறிவிப்புகள் என்று போய்ப் பார்த்தேன். நாடகம் பார்க்கும் ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ "அனுமதி" கொடுத்திருக்கிறார். அந்தத் தளம் அனுப்பிய போலி அறிவிப்புதான் அது; அனுமதியை எடுத்ததும் நின்றது.

எதிர்பாராத ஒன்று: டிஃபெண்டரின் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) பாதுகாப்பில், தெரியாத செயலிகள் கோப்புகளை மாற்றாமல் தடுக்கும் கோப்புறைக் காவலை இயக்கியதும், கோயில் கணக்கு எழுதும் பழைய செயலியால் எதையும் சேமிக்க முடியவில்லை. அதே பக்கத்தில் அந்தச் செயலியை அனுமதித்தேன், சரியாகிவிட்டது.

தம்பி வீட்டில் இன்னும் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆன்டிவைரஸுக்குச் செலவழிக்கும் முன் அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.