கால்டெக் நிஜமாவே பெரிய யூனிவர்சிட்டியா, இல்ல வெறும் வகுத்தல் கணக்கா?

மயிலாப்பூர்_மணி:
எங்க ஸ்டாஃப் ரூம் வாட்ஸப்புல நேத்து ஒரு ஃபார்வர்டு. ஆயிரம் பசங்களே படிக்கிற கால்டெக் (அமெரிக்காவுல, கலிஃபோர்னியா பாசடீனால இருக்கற டெக்னாலஜி இன்ஸ்டிட்யூட்) ஹார்வர்டையே தூக்கி சாப்ட்டு உலகத்துல நம்பர் ஒன்னாம், கீழ வரிசையா கைகூப்பல். பழைய சரக்கு. டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் பத்திரிகையோட உலக யூனிவர்சிட்டி ரேங்க் லிஸ்ட்ல அவங்க முதல் இடத்துல இருந்தது 2011லேர்ந்து அஞ்சு தடவை, அதுக்கப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு வந்து உக்காந்துடுச்சு. அது கிடக்கட்டும், எனக்கு அந்த அஞ்சு தடவை மேலயே சந்தேகம். அந்த லிஸ்ட்ல நிறைய மார்க் தலைக்கு இவ்ளோன்னு வகுத்துப் போடறது. வாத்தியாருக்கு எத்தனை மாணவன், வாத்தியாருக்கு எவ்ளோ ரிசர்ச் பணம், பேப்பருக்கு எத்தனை சைட்டேஷன், அதாவது மத்தவங்க எத்தனை தடவை மேற்கோள் காட்டினாங்கன்னு. வகுக்கற நம்பர் சின்னதா இருந்தா விடை பெருசா வரும்னு நாலாங்கிளாஸ் பையனே சொல்வான். எங்க தெருவுல ஒரு டியூஷன் மாஸ்டர் வருஷத்துக்கு அஞ்சு பேரைத்தான் சேத்துப்பார், நாலு பேர் சென்டம். ஆனா அந்த அஞ்சு பேரும் ஏற்கனவே தொண்ணூத்தெட்டு எடுக்கறவன், அவரே பொறுக்கி எடுத்தது. கால்டெக் அதோட பெரிய சைஸ்னுதான் நான் சொல்றேன். யாராவது கடுகு சிறுத்தாலும்னு ஆரம்பிச்சா இந்த இழையை விட்டே போயிடுவேன்.

பாசடீனா_பையன்:
கடுகு சிறுத்தாலும்... சரி சரி போகாதீங்க சார். நான் இங்க மேல்படிப்பு படிக்கற கிராட் ஸ்டூடண்ட், மூணாவது வருஷம். வகுத்தா பெருசாகும்னா உலகத்துல இருக்கற குட்டி காலேஜ் எல்லாம் நம்பர் ஒன் ஆகியிருக்கணுமே, ஏன் ஆகல? வகுபடற நம்பரும் பெருசா இருந்தாதான விடை பெருசா வரும். முந்நூறு சொச்சம் பேராசிரியர்தான் இங்க, இளங்கலை படிக்கற அண்டர்கிராட் ஏறக்குறைய ஆயிரம், எங்களை மாதிரி கிராட் ஆயிரத்து நானூறு போல. இந்தக் கூட்டத்துலதான் கார்ல் ஆண்டர்சன் 1932ல எலக்ட்ரானோட எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டுபிடிச்சார், ரிக்டரும் குட்டன்பெர்க்கும் நிலநடுக்க அளவுகோல் போட்டாங்க, லைனஸ் பாலிங் ரெண்டு நோபல் வாங்கினார், ஒண்ணு கெமிஸ்ட்ரிக்கு ஒண்ணு சமாதானத்துக்கு. மேல கீழ ரெண்டு நம்பரையும் பாத்துட்டு பேசுங்க.

தோசைக்கல்:
பாஸ்டன்லேர்ந்து வணக்கம். நான் இங்க பக்கத்துல இருக்கற எம்ஐடி, அதாவது கால்டெக்கோட போட்டி இன்ஸ்டிட்யூட் பக்கம்னு முதல்லயே சொல்லிடறேன். 2006ல கால்டெக் பசங்களோட பீரங்கியை எங்காளுங்க போலி மூவர்ஸ் கம்பெனி மாதிரி வேஷம் போட்டு லாரில ஏத்தி நாட்டோட இந்தக் கோடிக்கு கொண்டாந்துட்டாங்க. ரெண்டு டன்னுக்கு கொஞ்சம் கம்மி, ஃப்ளெமிங் ஹவுஸ்ங்கற ஹாஸ்டல்காரங்களோடது. பீரங்கியையே காப்பாத்த முடியாதவங்க ரேங்கை எப்படி காப்பாத்துவாங்க.

பாசடீனா_பையன்:
@தோசைக்கல் மீதிக் கதையையும் சொல்லுங்க ப்ரோ, எங்க பசங்க நேர்ல வந்து பீரங்கியை மீட்டுட்டு அந்த இடத்துல ஒரு குட்டி பொம்மை பீரங்கியை வச்சுட்டு போனாங்கல்ல. 1984 ரோஸ் பௌல் அமெரிக்கன் ஃபுட்பால் போட்டில யூசிஎல்ஏக்கும் இல்லினாய்க்கும் மேட்ச் நடக்கும்போது ஸ்கோர்போர்டை பிடிச்சு கால்டெக் 38 எம்ஐடி 9னு ஓட விட்டதும் ஞாபகம் இருக்கும்னு நினைக்கறேன்.

மயிலாப்பூர்_மணி:
இதைத்தான் சொல்றேன். தரம் என்னன்னு கேட்டா குறும்பு கதை வருது. எங்க ஹாஸ்டல்லயும் பசங்க வார்டன் ஸ்கூட்டரை மொட்டை மாடில ஏத்தினாங்க, எங்களுக்கு யாரும் ரேங்க் குடுக்கல.

கோவை_அப்பா:
மணி சார் கேக்கறது நியாயமான கேள்விதான், எனக்கும் விடை வேணும். பொண்ணு பிளஸ் ஒன், ஃபிசிக்ஸ் பைத்தியம், செவுத்துல கால்டெக்ல பாடம் எடுத்த ஃபிசிக்ஸ் மேதை ஃபெயின்மன் படம் ஒட்டி வச்சிருக்கா. நான் கொஞ்சம் தேடிப் படிச்சேன். ஆரம்பம் ரொம்ப சாதாரணமா இருக்கே சார்? 1891ல ஆமோஸ் த்ரூப்னு ஒரு சிகாகோ வியாபாரி, வயசான காலத்துல பாசடீனா வந்து செட்டிலானவர், வாடகை பில்டிங்ல ஆரம்பிச்சது. தச்சு வேலை, கைத்தொழில், சின்னப் பசங்களுக்கு பாடம் எல்லாம் சேந்த இடம். நம்மூர் ஐடிஐயும் மெட்ரிகுலேஷனும் ஒரே காம்பவுண்டுல இருந்த மாதிரி. அது எப்படி இப்படி ஆச்சு?

செண்பகம்:
@கோவை_அப்பா அதுக்கு ஒரே ஆளை கை காட்டணும்னா ஜார்ஜ் எல்லரி ஹேல். பாசடீனாவுக்கு மேல இருக்கற மவுண்ட் வில்சன்ல 1904ல வானாய்வகம் கட்டினவர். மலை மேல டெலஸ்கோப் இருக்கு, கீழ நல்ல விஞ்ஞானிங்க வேணும், இருக்கறதோ ஒரு கைத்தொழில் பள்ளி. 1907ல அதோட போர்டுக்குள்ள போய் ஸ்கூல் பகுதியை எல்லாம் கழட்டி விட வச்சு, எம்ஐடிலேர்ந்து ஆர்தர் நாய்ஸை கெமிஸ்ட்ரிக்கு இழுத்து, சிகாகோலேர்ந்து ராபர்ட் மில்லிகனை 1921ல கூட்டிட்டு வந்துட்டார். அதுக்கு முந்தின வருஷம்தான் கால்டெக்ங்கற பேரே. மில்லிகனுக்கு 1923ல நோபல் கிடைச்சதும் பணக்காரங்க பர்ஸைத் திறந்தாங்க. சின்னதாவே வச்சுக்கணும்ங்கறது இவங்க எடுத்த முடிவு. மணி சார் வகுக்கற நம்பர் தானா சின்னதா அமைஞ்சுதுன்னு நினைக்கறார் போல, அவங்க வேணும்னே சின்னதா வச்சிருக்காங்க.

மயிலாப்பூர்_மணி:
மேடம், வேணும்னே வச்சாங்கன்னா என் வாதம் இன்னும் பலமாதான் ஆகுது. பணம் எங்கேர்ந்து வருதுன்னும் பாருங்க. ஜெட் ப்ரொபல்ஷன் லேப்னு (ஜேபிஎல்) ஒரு மகா பெரிய நாசா லேப், ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யறாங்க, செலவு அரசாங்கத்தோடது, நிர்வாகம் கால்டெக். செவ்வாய்ல வண்டி ஓட்டினா பேர் யாருக்கு? அந்தப் பக்கம் இன்டெல் கம்பெனியை ஆரம்பிச்ச கார்டன் மூர், அவங்க பழைய மாணவர்தான், 2001ல அறுநூறு மில்லியன் டாலர் நன்கொடை. 2019ல ரெஸ்னிக் தம்பதி எழுநூத்தைம்பது மில்லியன். ரெண்டாயிரத்து சொச்சம் மாணவருக்கு இவ்ளோ பணம் கொட்டினா எங்க காலேஜ் கூட ஏதாவது கண்டுபிடிக்கும், அட்லீஸ்ட் லேப்ல ஃபேன் ஓடும்.

தோசைக்கல்:
லேப்ல ஃபேன் ஓடும் 😂😂

பாசடீனா_பையன்:
ஜேபிஎல் அரசாங்கம் கட்டி இவங்க கைல குடுத்ததுன்னு நினைச்சா அது தப்பு சார். 1936ல இங்க பேராசிரியரா இருந்த வான் கார்மனோட மாணவர் ஃப்ராங்க் மலினாவும் கூட்டாளிங்களும் அரோயோ செக்கோன்னு ஒரு காஞ்ச ஓடைல ராக்கெட் மோட்டாரை சோதிச்சாங்க. கேம்பஸ்ல வெடிச்சு வெடிச்சு தற்கொலைப் படைன்னே பேர் வாங்கின கோஷ்டி. அதுதான் வளந்து ராணுவ லேப் ஆகி 1958ல அமெரிக்காவோட முதல் சாட்டிலைட் எக்ஸ்ப்ளோரர் ஒன்னை செஞ்சது, அந்த வருஷக் கடைசிலதான் நாசா கைக்கே போச்சு. பிள்ளையை பெத்தவங்க இவங்க, செலவு மட்டும் அரசாங்கம்.

செண்பகம்:
அந்த ராக்கெட் கோஷ்டில சியென் ஷுவேசன்னு ஒரு சீன மாணவர் இருந்தாரே, அவரையும் சொல்லுங்க தம்பி. 1939ல அங்கயே டாக்டரேட், ஜேபிஎல் உருவாக கூட நின்னவர். 1950ல கம்யூனிஸ்டுன்னு சந்தேகப்பட்டு அமெரிக்க அரசு அஞ்சு வருஷம் அலைக்கழிச்சு 1955ல சீனாவுக்கு அனுப்பிச்சுது. சீனாவோட ஏவுகணைத் திட்டத்தையே அவர் கட்டி எழுப்பிட்டார். காலேஜ் அவருக்கு ஆதரவாதான் நின்னுது, எடுபடல.

கோவை_அப்பா:
இஸ்ரோ தலைவரா இருந்த நம்ம சதீஷ் தவானும் அங்கதான படிச்சார்?

செண்பகம்:
ஆமா, 1951ல பிஎச்டி, ஹான்ஸ் லீப்மன்கிட்ட. இஸ்ரோவை ஆரம்பிச்ச சாராபாய் 1971 டிசம்பர்ல இறந்தப்ப தவான் திரும்ப கால்டெக்லதான் இருந்தார், சபாட்டிகல் லீவுல. இந்திரா காந்தி கூப்பிட்டுதான் இஸ்ரோவுக்கு வந்தார். 1979ல எஸ்எல்வி ராக்கெட் கடல்ல விழுந்தப்ப பத்திரிகைக்காரங்க முன்னாடி தானே போய் உக்காந்துட்டு, அடுத்த வருஷம் ஜெயிச்சப்ப கலாமை பேச அனுப்பினவர். ஸ்ரீஹரிகோட்டா வாசல்ல இருக்கற பேரு அவரோடது.

மயிலாப்பூர்_மணி:
தவானை உருவாக்கினது லாகூர், பெங்களூர், பாசடீனா எல்லாம் சேந்துதான். ஒரே ஊருக்கு பட்டா போடாதீங்க.

அப்புறம் கால்டெக்கோட அந்த ஹானர் கோடு, அதாவது நேர்மை விதி. ஒரே வரி சட்டம், யாரும் இன்னொருத்தர் மேல நியாயமில்லாத சாதகம் எடுத்துக்கக் கூடாதுன்னு. அதை நம்பி பரீட்சை பேப்பரை ரூமுக்கே குடுத்தனுப்பறாங்களாம், பசங்களே கடிகாரம் வச்சு புக்கை மூடிட்டு எழுதுவாங்களாம். நான் பதினெட்டு வருஷமா எக்ஸாம் ஹால் டியூட்டி பாக்கறவன். ஸ்குவாட் வந்து ஷூவை கழட்டி பாத்திருக்கேன், பனியனுக்குள்ள பிட்டு பாத்திருக்கேன். இதை என்னை நம்பச் சொல்றீங்களா?

பாசடீனா_பையன்:
நம்புங்க சார், நான் வாத்தியாருக்கு உதவியா இருக்கற டிஏவா இருந்து பேப்பர் திருத்தியிருக்கேன். மூணு மணி நேரம் முடிஞ்ச இடத்துல ஒரு பையன் கோடு போட்டு, இதுக்குக் கீழ நேரம் கடந்து எழுதினது மார்க் வேண்டாம்னு எழுதியிருந்தான். கோட்டுக்குக் கீழதான் விடை சரியா வந்திருந்துச்சு. யாரும் பாக்கல, அவன் கோடு போடாம இருந்திருந்தா எனக்கு தெரியவே போறதில்ல. எனக்கு நம்ம ஊர் எக்ஸாம் ஹால் ஞாபகம் வந்து ஒரு மாதிரி ஆயிடுச்சு. தப்பு பண்றவனே இல்லைன்னு சொல்லல, மாட்டினா விசாரிக்க ஸ்டூடண்ட்ஸே நடத்தற போர்டு இருக்கு. ஆனா ஒரு பேட்ச்ல இருநூத்து சொச்சம் பேர்தான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அந்த சைஸ்லதான் இது நடக்கும். நாற்பதாயிரம் பேர் படிக்கற இடத்துல நடக்காது. அப்போ சின்னதா இருக்கறது வெறும் கணக்கு வித்தை இல்லைதான?

மயிலாப்பூர்_மணி:
இந்தக் கோடு விஷயம் நல்லா இருக்கு. ஒத்துக்கறேன். ரேங்க்கை ஒத்துக்கல.

கோவை_அப்பா:
ஃபெயின்மன் மாதிரி ஆளு முதல் வருஷப் பசங்களுக்கு பாடம் எடுக்கறது இன்னும் நடக்குதா தம்பி? அதுக்குத்தான் என் பொண்ணு அங்க போகணும்ங்கறா.

மயிலாப்பூர்_மணி:
அது 1961லேர்ந்து 63 வரைக்கும் சார், ஒரே ஒரு ரவுண்டு. பின்னாடி அந்த பாடமெல்லாம் சிவப்பு அட்டை மூணு வால்யூமா வந்துச்சு, வாங்கி அலமாரில வைக்காத இன்ஜினியர் கிடையாது, படிச்சவன் கம்மி. அதோட முன்னுரைலயே மாணவர்களுக்கு நான் நல்லா செஞ்சேன்னு நினைக்கலன்னு அவரே எழுதியிருக்கார். பெரிய விஞ்ஞானியும் நல்ல வாத்தியாரும் ஒரே ஆளா இருக்கணும்னு அவசியமில்ல. அங்க சேர்ற பசங்க வாத்தியார் இல்லாமலே படிச்சுடுவாங்க, திரும்ப என் டியூஷன் மாஸ்டர்.

பாசடீனா_பையன்:
@கோவை_அப்பா உள்ளது உள்ளபடி சொல்றேன், நல்லா எடுக்கறவங்களும் இருக்காங்க, போர்டைப் பாத்து முணுமுணுக்கறவங்களும் இருக்காங்க. பொண்ணு தெரிஞ்சுக்க வேண்டியது பாட பாரம்தான். பயாலஜி படிக்க வந்தாலும் ஃபிசிக்ஸும் மேத்ஸும் கட்டாயம், கூடவே வரலாறு இலக்கியம் மாதிரி பாடங்களும் கட்டாயம். முதல் ரெண்டு டெர்முக்கு கிரேடு கிடையாது, பாஸ் இல்லாட்டி ஃபெயில் அவ்ளோதான், ஊர்ல முதல் மார்க் வாங்கின பிள்ளைங்க எல்லாம் ஒரே ரூம்ல உக்காந்து முதல் தடவையா கடைசி மார்க் வாங்கும்போது உடைஞ்சு போயிடக் கூடாதுன்னு. வீட்டுக்குக் குடுக்கற ப்ராப்ளம் செட்டை கூடி உக்காந்து போடலாம், எழுதறது மட்டும் அவங்கவங்க எழுதணும். தனியா படிச்சே பழகின பிள்ளைனா கொஞ்சம் திணறும்.

கோவை_அப்பா:
பொண்ணுங்க எத்தனை பேர் இருப்பாங்க அங்க?

செண்பகம்:
1970 வரைக்கும் அண்டர்கிராட்ல பொண்ணுங்களை சேக்கவே இல்ல சார். நிலாவுக்கு ஆள் போயிட்டு வந்ததுக்கு அப்புறம்தான் பொண்ணு கிளாஸுக்கு வரலாம்னு தோணியிருக்கு. 2024ல சேந்த பேட்ச்ல முதல் தடவையா பொண்ணுங்க பாதிக்கு மேல. அம்பத்து நாலு வருஷம். இந்தக் கணக்கையும் தலைக்கு இவ்ளோன்னு வகுங்க மணி சார்.

தோசைக்கல்:
பில்டிங்லேர்ந்து அந்த மில்லிகன் பேரை எடுத்த கதையையும் யாராவது சொல்லுங்க. அதுல எனக்கு உடன்பாடு இல்ல. நோபல் வாங்கினவர், காலேஜைக் கட்டினவர்.

செண்பகம்:
கட்டினவர்தான், நானே மேல சொன்னேன். ஆனா கட்டாயக் கருத்தடையை பரப்பின ஹ்யூமன் பெட்டர்மெண்ட் ஃபவுண்டேஷன்ல அவர் அறங்காவலர். கலிஃபோர்னியால ஆயிரக்கணக்கான பேருக்கு வலுக்கட்டாயமா ஆபரேஷன் பண்ணினாங்க, அதை நல்ல காரியம்னு ஊருக்கு சொன்ன அமைப்பு. 2021ல அவர் பேரோட இன்னும் அஞ்சு பேர் பேரையும் எடுக்க முடிவாகி அந்த உயரமான லைப்ரரி கட்டடம் இப்ப கால்டெக் ஹால். எலக்ட்ரானோட மின்னூட்டத்தை அளந்த அவரோட எண்ணெய்த் துளி சோதனையை யாரும் பாடத்துலேர்ந்து எடுக்கல, பில்டிங் பேரைத்தான் எடுத்தாங்க.

தோசைக்கல்:
அப்படி பாத்தா எந்த ஊர்லயும் எந்த பில்டிங்குக்கும் பேர் மிஞ்சாது.

செண்பகம்:
மிஞ்சாட்டி நம்பர் போட்டுக்கலாம், எம்ஐடில பில்டிங்குக்கெல்லாம் நம்பர்தான.

தோசைக்கல்:
அய்யோ அடிச்சுட்டாங்கப்பா.

மயிலாப்பூர்_மணி:
மறுபடி ரேங்குக்கு வரேன். ஆயிரம் பேர் கையெழுத்து போட்ட ஃபிசிக்ஸ் பேப்பரை ஒவ்வொரு யூனிவர்சிட்டிக்கும் முழுசா கணக்கு வச்சதால சின்ன இடங்களுக்கெல்லாம் சைட்டேஷன் மார்க் தாறுமாறா ஏறி, 2015ல அந்த மாதிரி பேப்பரை எல்லாம் கணக்குலேர்ந்து தூக்கினாங்க. அளவுகோலை நடத்தறவங்களே கோணல்னு ஒத்துக்கிட்டது இது.

பாசடீனா_பையன்:
சார் அந்த பேப்பரை எல்லாம் தூக்கினதுக்கு அப்புறம் வந்த லிஸ்ட்லயும் கால்டெக்தான் முதல் இடம். அடுத்த வருஷம்தான் ஆக்ஸ்ஃபோர்டு.

மயிலாப்பூர்_மணி:
...அதை நான் பாக்கல. பாத்துட்டு வரேன்.

தோசைக்கல்:
மணி சார் டீ குடிக்க போயிட்டார். அதுவரைக்கும் ஒண்ணு சொல்றேன், ஆண்கள் பேஸ்கட்பால்ல அவங்க லீக்ல வரிசையா 310 மேட்ச் தோத்தாங்க, இருபத்தாறு வருஷம். 2011 பிப்ரவரில ஆக்ஸிடென்டல் காலேஜை 46க்கு 45னு ஒரே பாயிண்டுல ஜெயிச்சதும் கூட்டம் கோர்ட்டுக்குள்ளயே இறங்கிடுச்சு. அந்த டீமை மட்டும் எனக்கு பிடிக்கும்.

கோவை_அப்பா:
பொண்ணுகிட்ட இந்த இழையை காட்டினேன். எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மார்க் வேணுமான்னு கேக்கறா தம்பி.

பாசடீனா_பையன்:
வேணும், நடுவுல நாலு வருஷம் வேண்டாம்னு வச்சிருந்தாங்க, 2024ல திரும்ப கட்டாயம் ஆக்கிட்டாங்க. அப்பா அம்மா அங்க படிச்சவங்கன்னா சலுகை உண்டுங்கற பழக்கமும் இங்க இல்ல, அதனால கோவைக்காரங்க கவலைப்பட வேண்டாம். அப்புறம் ஒரு எச்சரிக்கை, ஃபைனல்ஸ் வாரம் காலைல ஏழு மணிக்கு ஹாஸ்டல் பூரா வாக்னரோட வால்கிரி இசையை காது கிழிய போட்டு எழுப்புவாங்க. மத்த நாள்ல தெரியாத்தனமா அதை யாராவது போட்டா தூக்கிட்டு போய் ஷவர்ல நிறுத்திடுவாங்க.

கோவை_அப்பா:
எங்க வீட்ல அஞ்சு மணிக்கே சுப்ரபாதம் தம்பி. ஏழு மணி எல்லாம் அவளுக்கு லேட்டு.