நான்கு ராம் போட்டதும் புதிய கணினி நிலைகுலைகிறது: எக்ஸ்போவை அணைத்தால் வேகம் 3600 மட்டுமே

திண்டுக்கல் ஆல்பம்:

அனைவருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல்லில் திருமண ஆல்பம் வடிவமைக்கிறேன். ஒன்பது ஆண்டுகள் உழைத்த பழைய கணினிக்கு விடை கொடுத்துவிட்டு, இந்த மாதம் புதிதாக ஒன்றை நானே அசெம்பிள் செய்தேன். ரைசன் 7 7700 பிராசசர், பி650 மதர்போர்டு, டிடிஆர்5 6000 சிஎல் 30 வகையில் 16 ஜிபி ராம் இரண்டு. முதல் நான்கு நாட்கள் ஒரு குறையும் இல்லை. 12க்கு 36 அளவு ஷீட்டுகளை போட்டோஷாப்பில் வரிசையாகத் திறந்தபோது 32 ஜிபி போதவில்லை. அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கி, காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டுகளிலும் செருகினேன்.

அன்று தொடங்கியது தொல்லை. சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. பயந்து இரண்டு முறை அணைத்துவிட்டேன். மூன்றாவது முறை காத்திருந்ததில், ஏழெட்டு நிமிடம் கழித்துப் படம் வந்தது. ராமை 6000 வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டால் விண்டோஸ் திறக்கிறது. ஆனால் நாற்பது ஷீட்டை ஜேபெக்காக மாற்றும்போது பத்தாவதிலோ இருபதாவதிலோ நீலத்திரை. ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்கிறது, மறுநாள் வேறு ஏதோ சொல்கிறது. எக்ஸ்போவை அணைத்தால் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் டாஸ்க் மேனேஜர் வேகத்தை 3600 என்று காட்டுகிறது. 6000க்கு அல்லவா பணம் கொடுத்தேன்?

இதைவிட என்னைக் கலங்கடித்தது வேறு. நேற்று ஒரு படத்தைத் திறந்தேன், தாலி கட்டும் நொடி. மணமகளின் தோளுக்குக் கீழே படம் பக்கவாட்டில் நழுவி, ஊதா நிறப் பட்டைகளாகக் கிடந்தது. கேமரா கார்டில் அதே படம் சுத்தமாக இருக்கிறது. கடையில் கேட்டால், நான்கும் ஒரே மாடல், ராமில் பழுதே இல்லை என்கிறார்கள். எங்கே தவறு செய்தேன்?

வேகம் 8000:

எக்ஸ்போவை அணைக்க வேண்டாம் நண்பரே. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசசருக்குள் ராமைக் கையாளும் பகுதிக்கான மின்னழுத்தம்) 1.4, ராம் வோல்டேஜை 1.45 ஆக ஏற்றிப் பாருங்கள். நான்கு ராமும் 6000இல் நின்றுவிடும்.

கோவை பணிமனை:

தம்பி, முதல் வேலையாக ஒன்று செய்யுங்கள். இந்தச் சிக்கல் தீரும்வரை அந்தக் கணினியில் ஒரு கார்டைக்கூட நகலெடுக்காதீர்கள். நீலத்திரை வந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். கோப்புக்குள் ஒரு பிட் மாறினால் தெரியாது.

மேலே உள்ள நண்பரின் யோசனையைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். 2023இல் சில ரைசன் 7000 பிராசசர்கள் சாக்கெட்டிலேயே கருகியதை அடுத்து, எஸ்ஓசி வோல்டேஜ் 1.3ஐத் தாண்டாதபடி பயாஸ் புதுப்பிப்புகள் வந்தன. அந்த எல்லையை மீறச் சொல்வது பிழைப்புக் கருவியோடு விளையாடுவது. உங்கள் பயாஸ் பழையது என்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

இப்போது 3600. அது பழுது அல்ல. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டியே அறிவித்த கணக்கு அதுதான்: இரண்டு ராம் என்றால் 5200, நான்கு என்றால் 3600. பெட்டியில் அச்சிட்ட 6000 என்பது எக்ஸ்போ போட்டால் கிடைக்கும் ஓவர்கிளாக், அதாவது அறிவித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. அந்த ஜோடியை ஜோடியாகச் சோதித்துத்தான் பெட்டியில் வைக்கிறார்கள், நான்காகச் சோதிப்பதில்லை. ஒரே மாடல் எண்ணிலும் சில்லு மாறும். சிபியு-இசட் நிரலைத் திறந்து எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பாருங்கள். இரண்டு ஜோடியிலும் சில்லு தயாரித்தவர் பெயர் ஒன்றுதானா என்று சொல்லுங்கள்.

நான்கு ஏன் சிரமம்? 6000 என்றால் ஒரு கம்பியில் நொடிக்கு 600 கோடி பிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் நகரும். ஒரே சேனலில் (பிராசசரிலிருந்து ராமுக்குச் செல்லும் கம்பித் தொகுதி) இரண்டு ராம் தொங்கினால் சுமை கூடுகிறது, ஒன்றில் பட்ட சமிக்ஞை எதிரொலித்து மற்றதைக் குழப்புகிறது. நீங்கள் பார்த்த கறுப்புத் திரையும் அதனால்தான். போர்டு ஒவ்வொரு கம்பிக்கும் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது, அதற்கு 'மெமரி டிரெயினிங்' என்று பெயர். அப்போது அணைத்தால் அது மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

புதிய ஜோடியைக் கழற்றுங்கள். பழைய ஜோடி பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே கொக்கி இருக்கும். அங்கே 'டிக்' சத்தம் கேட்டதும் விட்டுவிடாதீர்கள், கொக்கியில்லாத முனையையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பாதி உட்கார்ந்த ராம் எங்கள் பணிமனைக்கு வாரம் ஒன்றாவது வருகிறது. பிறகு எக்ஸ்போவைப் போட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலை யுஎஸ்பியில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ஒன்றுதானே என்று விடக் கூடாது.

நெல்லை நிரலாளர்:

பயாஸில் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்' இயக்கத்தில் இருந்தால், சோதனை முடியும்வரை அணைத்துவையுங்கள். அது பழைய டிரெயினிங் முடிவையே மறுபடி பயன்படுத்தும். கணினி சீக்கிரம் எழும், ஆனால் நிலையற்ற ராமில் அது நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கும்.

திண்டுக்கல் ஆல்பம்:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கழற்றும் முன் நான்கையும் வைத்து எக்ஸ்போவில் மெம்டெஸ்ட் ஓட்டினேன். முதல் சுற்று பாதி தாண்டும் முன்பே சிவப்பு வரிகள், மூன்று பிழைகள். பழைய ஜோடி மட்டும் நேற்று இரவு 10 மணி முதல் காலை 7 வரை ஓடியது. ஒரு பிழையும் இல்லை. புதிய ஜோடியைத் தனியாகப் போட்டால் அதுவும் தேறுகிறது. சிபியு-இசட்டில் இரண்டு ஜோடிக்கும் சில்லு தயாரிப்பாளர் வேறு வேறு. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ராம் பழுதில்லை. சேர்க்கைதான் ஒத்துவரவில்லை. 32 ஜிபி இரண்டாக வரும் ஒரே பெட்டிக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டார், வித்தியாசத் தொகையை நான் கட்டுகிறேன்.

ஆனால் நான்கு ராமும் இருந்த அந்தப் பதினொரு நாட்களில் நகலெடுத்த படங்கள்? ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியாதே.

கோவை பணிமனை:

திறக்க வேண்டாம். பழைய ஜோடியோடு பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' கட்டளையைக் கார்டு மீதும் வன்தட்டு மீதும் ஓட்டி, இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். அது ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டுத் தரும். எண் மாறினால் கோப்பு மாறியிருக்கிறது. எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

திண்டுக்கல் ஆல்பம்:

ஒப்பிட்டேன். 1,846 படங்களில் ஏழு மாறியிருந்தன. தாலி கட்டும் படம் அவற்றில் ஒன்று, மற்ற ஆறும் பார்வைக்கு நன்றாகவே தெரிந்தவை. ஏழையும் கார்டிலிருந்து மீண்டும் எடுத்துவிட்டேன், எண்கள் இப்போது பொருந்துகின்றன. நத்தத்துத் திருமணம் ஒன்றின் கார்டுகளை மட்டும் போன வாரமே புகைப்படக்காரரிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன். அவர் இன்னும் அழிக்கவில்லையாம். நாளை காலை முதல் பஸ்ஸில் போய் வாங்கி வருகிறேன்.