மறு: பம்பிங் = ‘உந்தல்’ வேண்டாமே

> லாங்போர்டில் (சக்கரம் வைத்த நீளமான சறுக்குப் பலகை) கால் தரையில் படாமல் ஓட்டுவதை ‘உந்தல்’ என்று எழுதலாம். பலகை வாங்குவோருக்கான கையேட்டில் 11 இடங்களில் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

அண்ணா, அந்த 11 இடத்தையும் மாற்றச் சொல்லித்தான் இந்த மடல். கோபிக்க வேண்டாம்.

ஒரு காலைப் பலகையில் வைத்து மறு காலால் தரையைப் பின்னே தள்ளுகிறோமே, அதுதான் உந்தல். பம்பிங் அதற்கு நேர் எதிர், கால் தரையில் படாமல் உடலை அசைத்தே வேகம் சேர்ப்பது. மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் கார்ப்பந்தயத் திடலில் அல்ட்ராஸ்கேட் என்ற 24 மணி நேரப் பலகையோட்டப் போட்டி நடக்கிறது. அங்கே 300 மைலைத் தாண்டியவர்கள் உண்டு. உந்துகிறவர்களும் பம்ப் செய்கிறவர்களும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறார்கள். ஒன்று அலுத்தால் மற்றதற்கு மாறுவோரும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பம்புக்குப் பாடநூலில் ‘எக்கி’ இருக்கிறது. ஆனால் ‘எக்கல்’ என்றதும் பரணில் டப்பா எடுக்க நுனிக்காலில் நிற்கிற அம்மாதான் நினைவுக்கு வருகிறார். ‘நெளிவோட்டம்’ என்றும் ஒருவர் சொன்னார். அழகான சொல். ஆனால் இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கவும் நெளிந்துதான் இறங்குவோம். தடம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அங்கே வேகம் கரைகிறது, இங்கே சேர்கிறது. அந்தச் சொல்லைக் கார்விங் எனப்படும் அந்த இறக்க நெளிவுக்கே வைத்துக்கொள்வோம்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் ஊஞ்சலில் நின்றுகொண்டு, பின்னாலிருந்து யாரும் தள்ளாமல், குனிந்து நிமிர்ந்து நாமே வேகம் ஏற்றுவதை ‘உழக்குவது’ என்போம். பலகையிலும் நடப்பது இதேதான். ஊஞ்சல் கீழே வரும் கணத்தில், நம்மை அழுத்தும் விசைக்கு எதிராக நிமிர்கிறோம். பலகை வளைந்து திரும்பும்போது, வெளியே இழுக்கும் விசைக்கு எதிராக இடுப்பைத் திருப்பி உடலை உள்ளே கொண்டுவருகிறோம். அந்த உழைப்புத்தான் வேகமாகிறது. ஆகவே பம்பிங் = உழக்கல், அதற்கான பலகை = உழக்குப் பலகை. தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பது இங்கே டொராண்டோ வரை கேட்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் பலகைத் தேர்வு அத்தியாயத்தில். ‘நல்ல வளைவுள்ள பலகையாக வாங்குக’ என்கிறீர்கள். எந்த வளைவு? நீளவாட்டில் நடுப்பகுதி மேலெழும்பி வில்போல் நிற்பது ஒன்று. குறுக்குவாட்டில் ஓரங்கள் உயர்ந்து பாதம் பதியக் குழிந்திருப்பது இன்னொன்று. ஏறி நின்றால் தாழ்ந்து, எடை குறைந்ததும் மீள்வது மூன்றாவது. வில்வளைவு, குழிவு, துவளல் என்று பிரித்துவிடலாம்.

நாலாவதாக ‘முறுகல்’ கட்டாயம் வேண்டும். உழக்குவதற்கு நாம் தேடுவது துவளும், ஆனால் முறுகாத பலகை. துவண்டு மீள்வது நம் தாளத்தோடு சேர்ந்தால் அடுத்த உழக்குக்குக் கைகொடுக்கும். முறுகினாலோ, பாதத்தின் திருப்பம் முன் சக்கர அச்சுக்குப் போகாமல் மரத்திலேயே தங்கிவிடும். நான் முதலில் வாங்கியது (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்) கடையில் துள்ளிப் பார்த்தபோது சுகமாக இருந்தது. ஏரிக்கரைப் பாதையில் இரண்டு கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வேகம் மட்டும் ஏறவே இல்லை. பலகையின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறுமுனையைக் கையால் திருகிப் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

துவளல் ஆளின் எடையைப் பொறுத்தது என்பதையும் சேர்க்க வேண்டும். 60 கிலோக்காரருக்கு அளவாகத் துவளும் பலகை 90 கிலோக்காரருக்குத் தொட்டில். ஜி பாம் நிறுவனத்தின் பலகைகள் போன்றவற்றில் அச்சுகள் தனித் தாங்கிகளில் உயரே இருக்க, பலகை அவற்றுக்கிடையே தாழ்ந்து தொங்கும். களைத்த நேரத்தில் இறங்கி உந்தவும் அது சுலபம்.

---

இதைப் படித்த இன்னொரு பெரியவர் எழுதியது:

> உழக்கா? எங்கள் ஊரில் 2 உழக்கு ஒரு உரி. உழக்குப் பலகை என்றால் அரிசி அளக்கிற சாமான் என்று நினைப்பார்களே, தம்பி!

ஐயா, அளவை பெயர்ச்சொல், இது வினை. மிதித்துக் கலக்குவது என்ற பொருளில் பழைய தமிழிலும் ‘உழக்கி’ வருகிறது. எங்களுக்குச் சைக்கிள் மிதிப்பதும் உழக்குவதுதான், காலால் செய்கிற வேலை என்பது தானே விளங்கும். ஆனாலும் ‘உழக்குப் பலகை’ இடறத்தான் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ‘உழக்கற்பலகை’ என்றால் பண்டிதத்தனம். ‘உழக்கும் பலகை’ என்று எழுதினால் அரிசி நினைவு வராது என்று தோன்றுகிறது.

அண்ணா, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பம்பிங் எனப்படும் உழக்கல்’ என்று போட்டுவிட்டு, பிறகு தனியாக விடுங்கள். ‘ட்ரக்’ என்று எழுதியிருப்பதை ‘அச்சு’ ஆக்குங்கள், லாரி நினைவு வருகிறது. முன் அச்சின் சாய்கோணம் 50 பாகையை ஒட்டி, பின் அச்சினது 30-க்கும் கீழே என்ற குறிப்பு சரி. இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரமான வீல்பேஸுக்கு ‘அச்சிடை’ போதுமா, நீளம் என்று சேர்க்க வேண்டுமா?