‘சி’ என்ற ஓரெழுத்துக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

டவுன் நோய்க்குறி (21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது) உள்ள குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய பக்கத்தில், உடலுக்கே உரிய மாற்றத்தையும் புற்றணுக்களில் மட்டும் உள்ள மாற்றத்தையும் பிரித்துச் சொல்ல ‘பிறவி மாற்றம்’, ‘பின்வந்த மாற்றம்’ என்ற இணை முன்வந்திருக்கிறது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நோயில் பொருந்தாது. (குரோமோசோம் என்றே எழுதுகிறேன், இலங்கை நண்பர்கள் நிறமூர்த்தம் என்று கொள்ளலாம்.)

ஆய்வக அறிக்கையில் ‘48, +8, +21சி’ என்பதுபோல ஒரு வரி வரும். 48 என்பது குரோமோசோம்களின் மொத்த எண்ணிக்கை; +8, +21 என்பவை கூடுதலாக உள்ள 8ஆம், 21ஆம் குரோமோசோம்கள். கடைசியில் நிற்கும் சி (ஆங்கில எழுத்து c), அந்தக் கூடுதல் 21 குழந்தையின் உடலுக்கே உரியது என்கிறது. சி இல்லாத +8 புற்றணுக்களில் மட்டும் இருப்பது. மற்றவர்களுக்கு 46 என்றால், இந்தக் குழந்தைக்கு இயல்பான எண்ணிக்கையே 47தான். சில நேரம் புற்றணுக்களில் நான்காவதாக ஒரு 21 சேரும். அப்போது அதே வரியில் +21 இரண்டு முறை வரும், ஒன்று சியோடு, மற்றது சி இல்லாமல். இரண்டையும் ‘பிறழ்வு’ என்று எழுதிவிட்டால், படிக்கிற தாய்க்கு எது நோய், எது தன் பிள்ளை என்றே தெரியாமல் போகும்.

சரி, ‘பிறவி’ ஏன் ஆகாது? இந்த நோய்க்கு வித்திடும், காட்டா1 (GATA1) என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் கருவில் இருக்கும்போதே நேர்கிறது. பிறந்த சில நாளிலேயே ரத்தத்தில் முதிராத அணுக்கள் தென்படலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தானாக அடங்கிவிடும். இவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு நான்கு வயதுக்குள் புற்றுநோயாகத் திரும்பும். பிறக்கும்போதே இருப்பதால் இந்தக் காட்டா1 மாற்றத்தைப் ‘பிறவி’ என்பதா? அது ஒரே ஒரு செல்லிலிருந்து கிளைத்த கூட்டத்தில் மட்டும்தானே இருக்கிறது!

ஆகவே காலத்தை விட்டு, பரப்பை வைத்துப் பிரிப்போம்: ‘முழுவுடல் மாற்றம்’, ‘கிளை மாற்றம்’. ‘கால்வழி’யையும் யோசித்தேன், பரம்பரை நோய் என்று தோன்றிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். கிளை என்றால் மருத்துவர் பெற்றோரிடம் சொல்வதும் எளிது: சிகிச்சை பலித்தால் கிளை மாற்றம் பரிசோதனையில் மறையும்; மூன்றாவது 21 மறையாது, மறைய வேண்டியதும் இல்லை.

உடலின் சில செல்களில் மட்டும் கூடுதல் 21 உள்ள குழந்தைகளும் உண்டு. அங்கே ‘முழுவுடல்’ இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதையும் தாங்கும் சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள், உடனே மாற்றிக்கொள்கிறேன். ‘பிறவி’ மட்டும் வேண்டாம்.