லூபஸ் உள்ள ஆள் எழும்பின உடனே மயங்கி விழுந்தா எதை முதல்ல பார்க்கிறது?

கச்சான்காற்று:
அக்காவுக்கு லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கிற வருத்தம்), வயசு 34. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் 200 மி.கி. ரெண்டு நேரம், பிரெட்னிசொலோன் 5 மி.கி., சலத்தில புரதம் போறதால லொசாட்டன் 50 மி.கி. கொஞ்ச நாளா விடியக்காலையில எழும்பிக் குசினிக்குப் போனா கண் இருட்டுது, ரெண்டு தரம் விழுந்துட்டா. கிளினிக்கில கதிரையில இருத்திப் பார்த்தா பிரஷர் 110/70. சொந்தக்காரர் எல்லாரும் "சத்துக்குறைவு, இளநி குடுங்க" எண்டுதான் சொல்றாங்க. அடுத்த கிளினிக்குக்கு முதல் வீட்டில எதைக் குறிச்சு வெச்சுக் கொண்டு போறது?

வாவிக்கரை:
இருத்தி வெச்சு எடுத்த பிரஷர் இந்த மயக்கத்துக்கு ஒண்டுமே சொல்லாது. 5 நிமிசம் படுக்கவெச்சு பிரஷரையும் நாடியையும் குறியுங்க. பிறகு எழும்பி நிக்கவெச்சு 1, 3, 5, 10ஆவது நிமிசங்களில திரும்ப எடுங்க. பட்டையைக் கழட்டாதீங்க. கையை நெஞ்சு மட்டத்தில யாராவது தாங்கிப் பிடிக்கணும். தொங்கவிட்டா மெசின் கூடக் காட்டும், விழுந்த பிரஷர் விழாத மாதிரித் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்திலயே நிக்கட்டும், கண் இருட்டினா அந்த இடத்திலயே நிப்பாட்டிப் படுக்க வைங்க.

3 நிமிசத்துக்குள்ள மேல் இலக்கம் 20 அல்லது கீழ் இலக்கம் 10 இறங்கினா, எழும்பும்போது பிரஷர் விழுது எண்டு அர்த்தம். பிரஷர் விழாம நாடி மட்டும் படுத்திருந்ததை விட 30 அல்லது அதுக்கு மேல கூடி அப்படியே நிண்டா, அது பொட்ஸா (எழும்பி நிண்டா நாடி அளவுக்கு மீறி ஏறுற நிலை) எண்டு பார்க்கணும். ஒரு நாள் குளிசைக்கு முதல், இன்னொரு நாள் லொசாட்டன் போட்டு ரெண்டு மூண்டு மணித்தியாலத்தால எடுத்தா வித்தியாசம் விளங்கும். அதுக்காக லொசாட்டனை நீங்களா நிப்பாட்ட வேணாம், கிட்னியைக் காக்கிறதே அதுதான். நேரத்தை மாத்துறதா, அளவைக் குறைக்கிறதா எண்டு டொக்டர் சொல்லட்டும்.

குளிசைப்பெட்டி:
பிரெட்னிசொலோன் ஒரு ஸ்டீரொயிட், அதைக் கிட்டடியில குறைச்சாங்களா, இடையில விடுபட்டதா? கனகாலம் போட்டவங்களுக்கு உடம்பு தானா சுரக்கிற ஸ்டீரொயிட் அடங்கிப் போயிருக்கும். திடீரெண்டு விட்டா பசியில்லாமை, சத்தி, சீனி இறங்குறது, மயக்கம் எல்லாம் சேர்ந்து வரும். சத்தியில குளிசை தங்காட்டி வீட்டில வெச்சுப் பார்க்காதீங்க, ஹைட்ரொகோட்டிசோன் ஊசி தேவைப்படும். ஆஸ்பத்திரியில வாய் திறந்ததும் "ஸ்டீரொயிட் பாவிக்கிறவ" எண்டு சொல்லுங்க.

சத்திக்கு எண்டு துண்டில்லாம வாங்கிற டொம்பெரிடோனும், சளிக்குத் தார கிளாரித்ரோமைசினும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினோட சேர்ந்தா இதயத்துடிப்பு குழம்பலாம். அதால ஈசிஜி ஒண்டு கட்டாயம். மூட்டுவலிக்கு டைக்குளோபெனாக் போடுறாவா எண்டும் பாருங்க. பிரெட்னிசொலோனோட அது குடலைப் புண்ணாக்கும், லொசாட்டனோட கிட்னியைக் கெடுக்கும். மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போனா உள்ளுக்க ரத்தம் போகுது. இரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபினையும் கேளுங்க.

வாவிக்கரை:
இளநியைப் பத்திச் சொல்ல விட்டுட்டேன். அதில பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. லொசாட்டனும் பொட்டாசியத்தை ஏத்தும், சலத்தில புரதமும் போகுது, அப்ப பொட்டாசியம் பார்க்காம தினமும் குடுக்கிறது சரியில்ல. ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைச்சுக் குடுக்கிறதும் உப்புக் கூட்டுறதும் டொக்டரைக் கேட்டுத்தான். கால் வீக்கம் இல்லாட்டி, எழும்ப முதல் ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சு, கட்டில் ஓரத்தில ரெண்டு நிமிசம் கால தொங்கவிட்டு இருந்துட்டு எழும்பட்டும். கண் இருட்ட வெளிக்கிட்டா காலைக் குறுக்கப் போட்டுத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிப் பிடிக்கணும், இல்லாட்டி உடனே குந்தணும்.

பனிச்சையடி:
விழுந்த ஆளைத் தூக்கிக் கதிரையில இருத்துறதுதான் நம்ம ஆக்கள் செய்ற பெரிய பிழை. மூளைக்கு ரத்தம் இன்னும் குறையும். நிலத்திலயே மட்டமாப் படுக்கவெச்சு காலை உயர்த்துங்க. வாயில தண்ணி ஊத்துறதும் கையில திறப்புக் குடுக்கிறதும் வேணாம். சில செக்கன் கைகால் இழுத்தா வலிப்பு எண்டு முடிவு கட்டாதீங்க, சாதாரண மயக்கத்திலும் அது வரும். நாக்கின் பக்கம் கடிபட்டு, எழும்பியும் கனநேரம் குழம்பிக் கிடந்தா வேற கதை.

படுத்திருக்கும்போது மயங்குறது, வேலை செய்யும்போது மயங்குறது, நெஞ்சு படபடத்து விழுறது, அறிகுறியே இல்லாம விழுறது, மூச்சு முட்டி ஒரு கால் மட்டும் வீங்குறது: இதில எது நடந்தாலும் கிளினிக் நாளைப் பார்க்காம 1990 அம்புலன்சுக்கு அடியுங்க. லூபஸ்காரருக்கு ரத்தம் கட்டுற தன்மை சேர்ந்து வரலாம், இதயத்தைச் சுத்தி நீரும் கோக்கலாம்.

கச்சான்காற்று:
பிரெட்னிசொலோன் போன மாசம்தான் 10இல இருந்து 5 ஆனது. இன்னொண்டு, ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலுக்குப் போகணும் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறா.

குளிசைப்பெட்டி:
அந்தக் குறைப்பைத் திகதியோட எழுதி, பிரஷர்த் தாளோட குடுங்க. நாளைக்கே கிளினிக்குக்குப் போன் பண்ணிச் சொன்னா இன்னும் நல்லம். மாமாங்கத்துக்கு வெயில் ஏற முதல் போய் வரட்டும், வெயில் மயக்கத்தை மட்டுமில்ல, லூபஸையும் கிளப்பும். குடை, நீளக்கை, கூட ஒரு ஆள். சனத்துக்குள்ள நெரிசல்ல நிக்கவே வேணாம், விரதம் எண்டு காலைக் குளிசையை விடவும் வேணாம்.