பிள்ளைகளை அழைத்துச் செல்ல நல்ல விலங்குக் காட்சியகத்தை எப்படி அடையாளம் காண்பது?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை விலங்குக் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உயிரினங்களை உண்மையாகவே காக்கும் இடம் எது, புலிக்குட்டியை மடியில் வைத்துப் படமெடுக்கக் காசு வாங்கும் இடம் எது என்று டிக்கெட் எடுக்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

காட்சியகமே கூடாது என்று சொல்லமாட்டேன். 1972இல் காட்டில் அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் மானை அடைப்பில் பெருக்கித்தான் 1982இல் ஓமான் பாலைவனத்தில் திரும்ப விட்டார்கள். ஆனால் கம்பியோரம் புல் தேய்ந்து மண் தெரியும் அளவுக்கு ஒரே தடத்தில் நடந்துகொண்டே இருக்கும் கரடியைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. பிள்ளைகள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குட்டிகள் எங்கிருந்து வந்தன, வளர்ந்தபின் எங்கே போகின்றன என்று கேட்டால் சொல்வார்களா? ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்பதைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்? விலங்குப் பராமரிப்பில் அனுபவம் உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள்.